கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது, ரோஸ்டருக்குத் தெரியும்



“கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாதுல்லா!” திருச்செந்தூரில் இந்த வாசகத்தைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம் கழிவதில்லை. டீக்கடையில் கேட்கிறேன். கல்விக் கடனுக்காக வங்கிக்கு வரும் தகப்பன்மார் வாயிலும் கேட்கிறேன். கூடவே இதன் உடன்பிறப்புகளும் வந்துவிடும். “ஐடில தெறம இருந்தாப் போதும், நீ யாரு எவருன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்.” “அவனவன் கையில செல்லு, வீட்டுக்கு வீடு பைக்கு, இன்னுமா சாதி சாதின்னு பேசிக்கிட்டுத் திரியுதிய?”

இதைச் சொல்பவர்கள் இரண்டு வகை. சேரியில் பிறந்து, கூலி வேலை பார்த்துப் பிள்ளையை இன்ஜினியரிங் படிக்க வைத்த தகப்பன் சொல்லும்போது அது ஓர் ஏக்கம். நான் பட்டதை என் பிள்ளை படவேண்டாம் என்கிற ஏக்கம். ஆதிக்கச் சாதிக்காரர் சொல்லும்போது அதே வாசகம் ஓர் உத்தரவு. இனி இடஒதுக்கீடு என்று வாயைத் திறக்காதே என்பது அதன் பொருள். ஒரே வாசகம் ஒருவருக்கு ஏக்கமாகவும் இன்னொருவருக்கு உத்தரவாகவும் இருப்பதால்தான் அதை நாம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் செல்லையும் பைக்கையும் எடுத்துக்கொள்வோம். வீட்டுக்குள் சாமான் வந்துவிட்டால் சாதி வெளியே போய்விடும் என்பது இந்த மாவட்டத்துக்காரர்கள் சொல்லக்கூடாத பேச்சு. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்தது. அது வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்த காசில் கொஞ்சம் நிமிர்ந்திருந்த தலித் கிராமம். டிவி, டேப் ரிக்கார்டர், மின்விசிறி, தையல் மெஷின், சைக்கிள், டிராக்டர் எல்லாம் நொறுக்கப்பட்டன. துணிமணிகளோடு பாஸ்போர்ட்டுகளும், படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் தீயில் போடப்பட்டன. ஊருக்கிருந்த ஒரே கிணற்றில் விஷம் கலக்கப்பட்டது. கலவரத்தை அடக்க வந்தவர்களைத் தையல் மெஷின் என்ன செய்தது? டேப் ரிக்கார்டருக்கும் சாதி தெரியாதுதான். அது யார் வீட்டில் பாடுகிறது என்பது அதை உடைத்தவனுக்குத் தெரிந்திருந்தது.

முப்பது வருஷம் கழித்து, 2025 ஜூலை 27 அன்று, ஏரல் பக்கத்து ஆறுமுகமங்கலத்தைச் சேர்ந்த கவின் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். சென்னையில் ஐடி கம்பெனியில் வேலை பார்த்தவர். வேறு சாதிப் பெண்ணை நேசித்தவர். அந்தப் பெண்ணின் சகோதரரும், காவல் துறையில் பணியாற்றிய தகப்பனாரும் கைதானார்கள். சாதி ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று அதே ஆண்டு அக்டோபரில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஐடி சம்பளமும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் ஒரு தலித் இளைஞனை எங்கே வரைக்கும் காப்பாற்றும் என்ற கேள்விக்குத் தாமிரபரணிக் கரையில் பதில் கிடைத்துவிட்டது.

“அது ஊருல நடக்கது தோழர். கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள அதெல்லாம் கெடையாது” என்று சென்னையில் வேலை பார்க்கும் நம் தம்பிகளே சிலர் சொல்கிறார்கள். ஐடி வேலை நம் வீடுகளில் எத்தனையோ ஓலைக்கூரையைக் காங்கிரீட்டாக மாற்றியிருக்கிறது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கண்ணாடிக் கட்டடத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கட்டடத்துக்கு வெளியே இருந்து சிலர் அளந்திருக்கிறார்கள்.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி, 4,800க்கு மேல் அனுப்பினார்கள். மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 100 என்று வைத்தால் தலித் பெயருக்கு 67தான் தேறியது. படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று, காகிதம் ஒன்று. வித்தியாசம் பெயர் மட்டும். தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை. அது பெரியார் இயக்கம் நமக்குத் தந்த கவசம். அதனால் இங்கே வேறு கேள்விகள் வரும். “சொந்த ஊரு எது? திருநெல்வேலியா? திருநெல்வேலில எங்க? ஊருக்குள்ளயா, வெளியவா? எந்தத் தெரு?” நாலாவது கேள்வியில் ரோஸ்டர் இல்லாமலேயே சாதி தெரிந்துவிடும்.

கடல் தாண்டினாலும் இந்தக் கேள்விகள் கூடவே கப்பலேறுகின்றன. 2020 ஜூனில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில நியாயமான வேலைவாய்ப்பு, வீட்டுவசதித் துறை சிஸ்கோ கம்பெனி மீது வழக்குப் போட்டது. அங்கே வேலை பார்த்த தலித் இன்ஜினியர் ஒருவர் இடஒதுக்கீட்டில் ஐஐடிக்குள் வந்தவர் என்பதை மேலதிகாரி மற்றவர்களிடம் சொன்னார் என்றும், அதைப் புகாராகக் கொடுத்த பிறகு அவர் ஒதுக்கப்பட்டார் என்றும் மனுவில் இருந்தது. கம்பெனி இதை மறுத்தது. 2023 ஏப்ரலில் தனிநபர்கள் இருவர் மீதான வழக்கு விலக்கிக்கொள்ளப்பட்டது. கம்பெனி மீதான வழக்கு தொடர்ந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடைசெய்தது. அக்டோபரில் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய அதேபோன்ற மசோதாவை ஆளுநர் நியூசம் ரத்து செய்தார். வென்றதும் தோற்றதும் கிடக்கட்டும். அமெரிக்க நகரமன்றங்கள் சாதி என்ற சொல்லைச் சட்டப் புத்தகத்தில் எழுதலாமா என்று விவாதிக்கும் காலத்தில், சாதி பிறந்த மண்ணில் இருக்கிற ஐடி கம்பெனிகளைப் பார்த்து நாம் அந்தச் சொல்லை உச்சரிக்கவே தயங்குகிறோம்.

இனி நான் தினமும் உட்காரும் நாற்காலிக்கு வருகிறேன். ‘கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது’ என்பதன் முழுக் கணக்கும் வங்கியில்தான் இருக்கிறது.

பொதுத்துறை வங்கிகளில் ரோஸ்டர் என்றொரு பதிவேடு உண்டு. எந்த இடம் யாருக்கு என்று புள்ளி புள்ளியாக எழுதியிருக்கும். அகில இந்தியப் போட்டித் தேர்வு மூலம் நிரப்பும் பதவிகளில் 7ஆவது புள்ளி, 15ஆவது புள்ளி, 20ஆவது புள்ளி எஸ்.சி.க்கு, 14ஆவது புள்ளி எஸ்.டி.க்கு. இப்படியே போகும். பழுப்பேறிய காகிதம்தான். ஆனால் நம் சாதியை அறிந்து, நம்மை வெளியே நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்ட ஒரே எந்திரம் இந்த நாட்டில் அதுதான். 1969இல் வங்கிகள் அரசுடைமையானதற்குப் பிறகு சேரியிலிருந்து ஒரு தலைமுறை கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது அந்தப் புள்ளிகளின் மேல் ஏறித்தான்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1980களில் ரங்கராஜன் குழுக்கள் பரிந்துரைத்தன. சங்கங்கள் எதிர்த்தன, பிறகு பேசின. 1993 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2000-2001இல் விஆர்எஸ் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து 1 லட்சம் பேருக்கு மேல் வெளியேறினார்கள். ஆளெடுத்துக்கொண்டிருந்த வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்கள் 2001இல் கலைக்கப்பட்டன. 2011இல் ஐபிபிஎஸ் பொதுத் தேர்வு வரும்வரை கிளார்க் வேலைக்கு ஆளெடுப்பு சொட்டுச் சொட்டாகத்தான் நடந்தது. ஒரு காலத்தில் ஆபீசர்களைவிடக் கிளார்க்குகள் அதிகம். இன்றைக்குத் தலைகீழ். கடைநிலை ஊழியர், துப்புரவுப் பணியாளர் இடங்கள் ஏஜென்சிக்குப் போய்விட்டன. ஏடிஎம்முக்குப் பணம் நிரப்புவது ஏஜென்சி, காவல் ஏஜென்சி. கிராமத்தில் கையடக்க மெஷினோடு உட்கார்ந்திருக்கும் வங்கி மித்ராவுக்குச் சம்பளம் இல்லை, கமிஷன்.

வேலை செத்துப்போய்விட்டதா? சாகவில்லை. இடம் மாறியிருக்கிறது. நாங்கள் பேரேட்டில் எழுதிய கணக்கை இன்று மென்பொருள் எழுதுகிறது. ஸ்டேட் வங்கியில் ஓடுவது டிசிஎஸ் தயாரிப்பு. பல பொதுத்துறை வங்கிகளில் ஓடுவது இன்ஃபோசிஸின் ஃபினாக்கிள். அதை எழுதுவதற்கும் பராமரிப்பதற்கும் ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். அந்த ஆள்களை எடுக்கும் தனியார் கம்பெனி எதற்கும் இந்த நாட்டில் இடஒதுக்கீட்டுச் சட்டம் கிடையாது. அரசுப் பணத்தில் நடக்கும் அதே வேலை ரோஸ்டர் உள்ள கட்டடத்திலிருந்து ரோஸ்டர் இல்லாத கட்டடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்கான புள்ளிகள் மட்டும் பழைய கட்டடத்தின் பீரோவிலேயே கிடக்கின்றன.

இதைக் கம்ப்யூட்டர் செய்யவில்லை. கொள்கை செய்தது. வேலையை எங்கே, யாரிடம், எந்த நிபந்தனையில் கொடுப்பது என்று முடிவெடுத்தவர்கள் மனிதர்கள். கம்ப்யூட்டர் அவர்களுக்குக் கிடைத்த நல்ல சாக்கு.

ஆகவே நம்மை எந்திரத்துக்கு எதிரிகள் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். ராட்டையை நோக்கித் திரும்பச் சொன்ன காந்தியோடு அம்பேத்கர் மல்லுக்கட்டியதே இந்த இடத்தில்தான். எந்திரம் இல்லாமல் ஓய்வில்லை, ஓய்வில்லாமல் பண்பாடில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது அணைக்கும் மின்சாரத்துக்கும் திட்டம் தீட்டியவர் அவர். எந்திரம் தப்பு என்று அவர் சொல்லவில்லை, அது யார் கையில் என்றுதான் கேட்டார். மலக்குழிக்குள் மனிதனை இறக்கும் நாட்டில் எந்திரம் வேண்டாம் என்று தலித்துகளால் சொல்ல முடியுமா?

தமிழ்நாட்டில் கல்லூரி வாசல் வரை ரோஸ்டர் கூட வருகிறது. 69 சதவீத இடஒதுக்கீடு, இன்ஜினியரிங் கலந்தாய்வு, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகை, 2021இலிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம். இவையெல்லாம் போராடிப் பெற்றவை. நாலாவது வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ நடக்கும் ஹால் வாசலில் அந்த ரோஸ்டர் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் இங்கிலீஷ், தோரணை, ‘கல்ச்சர் ஃபிட்’. 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணியின் பொது வேலைத்திட்டம் தனியார் துறை இடஒதுக்கீடு பற்றிப் பேசியது. முதலாளிகள் சங்கங்கள் “சட்டம் வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்றன. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நம் வாசலுக்கே இப்போது தொழில்நுட்பம் வந்திருக்கிறது. கங்கைகொண்டானில் எல்காட் ஐடி பூங்கா. 2024 டிசம்பரில் தூத்துக்குடியில் திறக்கப்பட்ட மினி டைடல் பூங்கா. திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்து, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம். ராக்கெட் மேலே போவதைப் பார்க்க நம் ஜனம் கூட்டம் கூட்டமாகப் போகும். நல்லது, போகட்டும். நம் பிள்ளைகள் அந்தத் தளத்துக்குள் எந்தக் கதவு வழியாகப் போவார்கள்? ரோஸ்டர் உள்ள இஸ்ரோ ஆளெடுப்பு வழியாகவா, காண்டிராக்டரின் கேட் பாஸ் வழியாகவா? இதை இன்றைக்கே கேட்க வேண்டும். கட்டடம் எழும்பிய பிறகு கேட்டால் “எல்லாம் முடிஞ்சு போச்சே தம்பி” என்பார்கள்.

நம் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று. அரசு நிலம், அரசுக் கட்டடம், அரசுச் சலுகை பெறும் எந்தக் கம்பெனியும் தன் ஊழியர்களின் சமூகப் பிரிவுக் கணக்கை வெளியிட வேண்டும். தனியார் துறையில் இடஒதுக்கீட்டுக்குச் சட்டம் வேண்டும். வங்கியும் அரசுத் துறைகளும் வெளியே கொடுக்கும் வேலைக்கு ரோஸ்டரும் கூடவே போக வேண்டும்.

இரண்டு. பெண்கள் மீதான பாலியல் தொல்லையை விசாரிக்க 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் உள்புகார்க் குழு அமைக்கச் சொல்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதேபோல் சாதிப் பாகுபாட்டுக்கும் குழு வேண்டும். நாலு கேள்வி கேட்டுச் சாதியைத் தோண்டும் மேலாளரைப் பற்றி எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் எந்தத் தம்பியும் தங்கையும் வேலையை விட்டுவிடக் கூடாது.

மூன்று. ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்பதைத் தமிழக அரசே 2016இல் தெளிவாக்கியது. அந்தச் சங்கங்களில் நம் தோழர்கள் சேர வேண்டும். சேர்ந்து, சாதியை அங்கே பேசுபொருளாக்க வேண்டும். வர்க்கம் பேசும்போது சாதியைத் தள்ளிவைக்கும் பழைய வியாதியை அங்கேயும் கொண்டுபோக விடக்கூடாது.

மாணவத் தோழர்களுக்கு உடனடியாக ஒரு வேலை இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டப்படி மத்திய அரசு நிறுவனங்களுக்கு மனுப்போட 10 ரூபாய்தான் கட்டணம். உங்கள் பகுதிப் பொதுத்துறை வங்கியின் மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். ரோஸ்டரின் நகல் கேளுங்கள். எத்தனை எஸ்.சி., எஸ்.டி. புள்ளிகள் நிரப்பாமல் கிடக்கின்றன, கடந்த 10 ஆண்டுகளில் எத்தனை கடைநிலை இடங்கள் ஏஜென்சிக்குப் போயின, ரோஸ்டரைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட தொடர்பு அதிகாரி யார் என்று கேளுங்கள். செல்போனிலேயே தமிழில் தட்டலாம், ஆன்லைனிலேயே அனுப்பலாம். வரும் பதில்களை நமக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த இதழ்களில் வங்கி வங்கியாக அச்சிடுவோம்.