ஒதுங்க வேண்டியவர் யார்?

"பெருந்தொற்று போய்விட்டது, கட்டுப்பாடுகளும் போய்விட்டன. இன்னும் எதற்கு இந்த முகக்கவசம்? இன்னும் எதற்கு இந்த விலகல்? ஈமான் உள்ளவன் இப்படியா அஞ்சுவான்?"

2022ஆம் ஆண்டு முதற்கொண்டு நம் மஹல்லாக்களில் இந்தக் கேள்வி ஒலித்துக்கொண்டிருக்கிறது. கேட்பவர்கள் உடல்நலம் வாய்க்கப்பெற்றவர்கள். கேட்கப்படுபவர்களோ புற்றுநோய்க்கு மருத்துவம் செய்துகொண்டிருப்பவர்கள். நலமுள்ளவர் நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரிக்கும் இந்த விந்தையை நம் சமுதாயம் விந்தையாகவே கருதவில்லை என்பதுதான் வேதனை. அந்த வேதனையே இக்கட்டுரையை எழுதச் செய்தது. இதில் கடுமையான சொற்கள் சில வரும். அவற்றில் முதற்பங்கு எனக்கே உரியது.

எங்கள் மஹல்லாவில் ஒரு பெரியவர் இருக்கிறார். நிணநீர்ச் சுரப்பிகளில் தோன்றிய புற்றுநோய்க்காக மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கீமோதெரபி மருந்து ஏற்றிக்கொண்டு வந்தார். நாற்பதாண்டு காலம் முதல் ஸஃப்பைத் தவறவிடாதவர். இடைவெளிக்காகப் பள்ளிவாசலின் தரையில் இடப்பட்டிருந்த அடையாளங்கள் அகற்றப்பட்ட பின், கடைசி வரிசையில் ஜன்னலோரமாக நான்கடி இடம் விட்டு நின்று தொழ அவர் இசைவு கேட்டார். தோளோடு தோள் சேராத வரிசை வரிசையாகாது என்று மறுத்துவிட்டார்கள். அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். சில வாரங்கள் கழித்து அவருடைய வீட்டு வாசலில் அவரைக் கண்ட நான், "காக்கா, தொடர்ந்து மூன்று ஜும்ஆவை விட்டவருடைய உள்ளத்தில் முத்திரை விழும் என்று ஹதீஸ் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து, நெரிசலின் நடுவே நின்று தொழுதார். அதற்கடுத்த வாரம் கடுங்காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் ஒன்பது நாட்கள் கிடந்தார். ஏற்ற வேண்டிய மருந்தும் தள்ளிப்போயிற்று.

அந்தக் காய்ச்சல் பள்ளிவாசலில்தான் தொற்றியது என்று எவரும் அறுதியிட்டுக் கூறவியலாது. இல்லை என்றும் கூறவியலாது. அல்லாஹ் அவரைக் காப்பாற்றினான். ஆயினும் நான் சொன்ன சொல்லுக்கு நான் பதில் கூறியாக வேண்டும்.

நான் எடுத்துக்காட்டிய அந்த நபிமொழி அபூதாவூத், திர்மிதீ முதலிய தொகுப்புகளில் உள்ளது. அதிலே 'தஹாவுனன்' என்று ஒரு சொல் இருக்கிறது. அலட்சியமாக எண்ணி விட்டவர் என்பது அதன் கருத்து. மதரஸாவில் அமர்ந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் அச்சொல்லை அறியாதவனா? அறிந்திருந்தும் விட்டுவிட்டேன். அந்த ஒரு சொல்லை நீக்கிவிட்டால், அலட்சியக்காரனுக்கு விடப்பட்ட எச்சரிக்கை நோயாளியின் தலையில் போய் விழுகிறது. நோயும், நோய் முற்றிவிடும் என்ற அச்சமும் ஜும்ஆவுக்கும் ஜமாஅத்துக்கும் உரிய 'உத்ர்' என்று நம் ஃபிக்ஹு நூல்கள் தெளிவாகப் பேசுகின்றன. உடல்நலத்தோடு இருந்தபோது ஒருவர் செய்துவந்த நல்லமல்களின் கூலி, நோயினால் அவர் அவற்றை விட்டிருக்கும் காலத்திலும் அவருக்கு எழுதப்படும் என்ற நற்செய்தி புகாரியில் இருக்கிறது. அந்தப் பெரியவர் வீட்டில் தனியே தொழுத ஒவ்வொரு நாளும் முதல் ஸஃப்பின் கூலி அவருக்கு எழுதப்பட்டிருக்கும் என்று நம்ப நமக்கு ஆதாரம் இருக்க, முத்திரையைக் காட்டி மிரட்டியது எந்த மார்க்கம்?

கீமோதெரபி உடலில் என்ன செய்கிறது என்பதை நம்மில் பலர் அறியார். வேகமாகப் பெருகும் உயிரணுக்களை அழிப்பது அம்மருந்தின் வேலை. புற்றுநோய் அணுக்களை அழிக்கும்போதே, எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்களை உண்டாக்கும் நல்ல அணுக்களையும் அது தாக்கிவிடுகிறது. பல மருந்துகளில், ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கும். அவற்றுள் கிருமிகளோடு முதலில் போரிடும் நியூட்ரோஃபில் என்னும் வகை, ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1500க்கு மேல் இருப்பது நலம். 500க்குக் கீழே இறங்கிவிட்டால், நமக்கு இரண்டு நாள் சளியாக வந்து போகும் கிருமி அவருக்கு உயிர்க்கேடாக முடியலாம். அந்த நிலையில் 100.4 டிகிரி காய்ச்சல் கண்டாலே, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

"தடுப்பூசிதான் போட்டாயிற்றே" என்பார்கள் சிலர். நிணநீர்ப் புற்றுநோய்க்குத் தரப்படும் ரிடுக்ஸிமாப் போன்ற மருந்துகள், எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி அணுக்களையே ஒழித்துவிடுகின்றன. அம்மருந்துக்குப் பின் பல மாதங்கள்வரை தடுப்பூசி போட்டாலும் அதன் பயன் மிகக் குறைவு. மஜ்ஜை மாற்றம் செய்துகொண்டவர்களோ குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளின் காப்பையும் இழந்து, அவற்றையெல்லாம் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டியவர்கள். கொரோனா மட்டுமன்று; ஃப்ளூ, அம்மை, சின்னம்மை ஆகிய எல்லாமே இவர்களுக்கு அச்சந்தருபவை. முகத்தைப் பார்த்து, "ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்" என்று தீர்ப்பளிப்பவர்களுக்கு இரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள எண் தெரிவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று அறிவித்த நெருக்கடி நிலை, 2023 மே 5 அன்று முடிவுக்கு வந்தது. முடிந்தது நெருக்கடி நிலை; நோய் முடியவில்லை என்பதை அந்நிறுவனத்தின் தலைவர் அன்றே எடுத்துரைத்தார். அரசு அபராதத்தை நீக்கிக்கொண்டது என்பதனால் அண்டை வீட்டானுக்குத் தீங்கு செய்யாதிருக்கும் கடமையும் நீங்கிவிட்டதா? ஹக்குல் இபாத் என்னும் அடியார்களின் உரிமை அரசாணையால் வந்ததன்று, அரசாணையால் போவதுமன்று.

இனி, தவக்குல் என்னும் பேச்சுக்கு வருவோம். ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியிருந்தபோது, அந்நாட்டை நோக்கிச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்தில் செய்தியறிந்து, தோழர்களோடு கலந்து பேசித் திரும்பிவிட முடிவெடுத்தார்கள். இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் நுழைய வேண்டாம், அங்கிருப்பவர் தப்பியோடவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து கூற, தம் முடிவு அதனோடு ஒத்திருந்தது கண்டு உமர் (ரலி) அவர்கள் இறைவனைப் புகழ்ந்தார்கள். உமருக்கு ஈமான் குறைவு என்று சொல்லத் துணிபவர் நம்மில் உண்டா?

"தொற்று என்பதே இல்லை என்று ஹதீஸ் இருக்கிறதே" என்று வாதிடுவோரும் உளர். அதே புகாரியில்தான் தொழுநோயாளியை விட்டு விலகிச் செல்லுமாறு பணிக்கும் நபிமொழியும் உள்ளது. நோய் தன் சொந்த ஆற்றலால் தொற்றுவதில்லை, அல்லாஹ்வின் நாட்டத்தாலேயே தொற்றுகிறது என்று அறிஞர் பலர் இரண்டையும் இணைத்துப் பொருள் கண்டனர். 14ஆம் நூற்றாண்டின் பெருங்கொள்ளைநோயைக் கண்ணாரக் கண்ட கிரனாடாவின் இப்னுல் கதீப், தொற்று அனுபவத்தாலும் ஆராய்ச்சியாலும் உறுதியான ஒன்று என்று வெளிப்படையாக எழுதினார்.

தொற்றுக் கொள்கையை ஏற்காத இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்களே பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். ஹிஜ்ரி 833இல், அதாவது கி.பி. 1430இல், கெய்ரோவில் கொள்ளைநோய் கண்டது. நாளொன்றுக்கு மாண்டவர் நாற்பதுக்கும் குறைவு. மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, பாலைவெளியில் பெருந்திரளாகக் கூடி துஆச் செய்து திரும்பினர். அந்த மாதம் முடிவதற்குள் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தம் பெண்மக்களைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்த அந்த இமாம், துஆவை வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தைத்தான் குறை கண்டார். நம் வாதத்துக்கு ஒத்துவராதவற்றையும் மறைக்காமல் எழுதிய அந்த நேர்மை இன்று நமக்கு வேண்டும்.

என் கட்டுரையின் உயிர்நிலை இனிதான் வருகிறது. இதுவரை சொன்னவை அனைத்தும் நோயாளி விலகியிருக்கலாம் என்பதற்கான சான்றுகள். ஆனால், விலக வேண்டியவர் உண்மையில் அவர்தானா?

பச்சைப் பூண்டும் வெங்காயமும் தின்றவர் நம் பள்ளியை நெருங்க வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஹலாலான உணவைத்தான் அவர் உண்டார். எனினும் அவருடைய வாயின் நாற்றம் பக்கத்தில் நிற்பவருக்குத் துன்பம் தருகிறது. இங்கே மார்க்கம் யாரை ஒதுங்கச் சொன்னது? நாற்றத்தைத் தாங்க முடியாதவரையா, நாற்றத்தைக் கொண்டு வந்தவரையா? பிறருக்குத் துன்பம் தரும் எதனோடும் பள்ளிக்கு வருபவருக்கு இச்சட்டம் பொருந்தும் என்று மாலிகீ அறிஞர் இப்னு அப்தில் பர்ரு விரித்துரைத்தார். வாய்நாற்றத்துக்கே இவ்வளவு என்றால், சளியும் காய்ச்சலும் உடையவராய் வந்து, பக்கத்திலிருப்பவரின் முகத்தில் இருமுகிறவருக்கு எவ்வளவு? நாமோ சட்டத்தைத் தலைகீழாகப் புரட்டிவிட்டோம். இருமுபவர் முதல் ஸஃப்பில் நிற்கிறார். அவருடைய இருமலுக்கு அஞ்சுகிறவர் வீட்டில் முடங்கிக் கிடக்கிறார். அஞ்சுபவருக்கு ஈமான் குறைவு என்று தீர்ப்பும் வழங்கிவிட்டோம்!

பள்ளிவாசலில் மட்டுமா இந்த அநீதி? நோயாளியின் வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். நோய் விசாரிக்க வருகிறோம் என்று மூக்கொழுகும் குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு பத்துப் பேர் வருகிறார்கள். மருந்து ஏற்றிக்கொண்டு வந்து களைத்துக் கிடக்கும் சகோதரியின் கட்டிலைச் சுற்றி அமர்ந்து, ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். முகக்கவசம் அணியுங்கள் என்று அவளுடைய மகள் கேட்டால், "எங்களையா ஒதுக்குகிறாய்?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நோயாளியிடம் சுருக்கமாக இருந்து திரும்புவது ஒழுக்கம் என்று நம் நூல்கள் போதிப்பதை யார் நினைக்கிறார்கள்? நிக்காஹ் வீட்டில் ஒரே ஸஹனில் கைவைக்கத் தயங்குபவரை, "ஒற்றுமையைக் கெடுக்கிறார்" என்கிறார்கள். பெருநாளில் கைகொடாமல் ஸலாம் மட்டும் சொல்பவரைப் பெருமைக்காரர் என்கிறார்கள். ஸகீஃப் கூட்டத்தாரோடு வந்த தொழுநோயாளி ஒருவருக்கு, பைஅத்தை ஏற்றுக்கொண்டோம், திரும்பிச் செல்லலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியனுப்பியதை முஸ்லிம் ஷரீஃபில் காண்கிறோம். கைகொடாமல் பைஅத்தே நிறைவேறும்போது, பெருநாள் வாழ்த்து நிறைவேறாதா?

"ஒருவருக்காக ஊரே என்றைக்கும் அஞ்சிக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஊர் அஞ்ச வேண்டியதில்லை. திருமணங்கள் நடக்கட்டும், பள்ளிகள் நிறையட்டும், பிள்ளைகள் ஓதச் செல்லட்டும். நோயாளிகள் கேட்பது ஊரடங்கை அன்று. காய்ச்சலும் இருமலும் உள்ளவர் குணமாகும்வரை கூட்டத்துக்கு வராதிருக்க வேண்டும். இதை ஜும்ஆவுக்கு முன்னும் பெருநாளுக்கு முன்னும் ஜமாஅத்தார் அறிவிக்க வேண்டும். பள்ளியின் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். அவற்றின் ஓரமாக, இடம் விட்டு நின்று தொழ விரும்புவோருக்கு ஒரு பகுதி ஒதுக்க வேண்டும். தோளோடு தோள் சேர்வது ஸுன்னத். தொழுகை கூடுவதற்கு அது நிபந்தனையன்று. மக்காவின் ஹரமிலேயே 2021 அக்டோபர் 17 வரை இடைவெளி விட்டுத்தானே தொழுதார்கள்? அந்தத் தொழுகைகளெல்லாம் வீணா? நோயாளியின் வீட்டாரும் அடிக்கடி வந்து போவோரும் மருத்துவரைக் கேட்டு ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் அழைத்துச் செல்ல ஜமாஅத்தின் வாகனம் ஆயத்தமாக இருக்க வேண்டும். இவற்றில் எது நம்மால் இயலாதது?

இயலாதவற்றையே செய்து காட்டிய சமுதாயம் இது. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில், பெற்ற பிள்ளைகளே நெருங்க அஞ்சிய உடல்களை, சாதி மதம் பாராமல் சுமந்து சென்று அடக்கம் செய்தவர்கள் நம் இளைஞர்கள். தமிழகமே அவர்களை வாழ்த்தியது. மாண்டவர்களுக்குத் தோள் கொடுத்த நாம், உயிரோடிருப்பவருக்கு நான்கடி இடம் கொடுக்க மறுக்கலாமா?

அந்தப் பெரியவரிடம் நான் மீண்டும் சென்றேன். வாசலுக்கு வெளியே நின்றபடி, விட்டுப்போன அந்தச் சொல்லையும் சேர்த்து நபிமொழியை முழுமையாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். "நாளைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது சரியாகச் சொல்லிக் கொடுங்கள் ஹஜ்ரத்" என்றார். அதைத்தான் இங்கே செய்திருக்கிறேன். கூட்டத்திலிருந்து ஒதுங்க வேண்டியவன் இருமுபவன். நோயாளிக்கு இடம் விட வேண்டியவர்கள் நாம்.

நோயுற்றோர் யாவருக்கும் வல்ல அல்லாஹ் முழுமையான ஷிஃபாவை அருள்வானாக! அவர்களுக்கு நம் நாவாலும் மூச்சாலும் தீங்கு நேராமல் நம்மைக் காப்பானாக! ஆமீன்.