அடையை விட்டு எழும் கோழி

‘‘21 நாள் அடையில் இருக்க வேண்டிய நாட்டுக்கோழி, 10 நாளில் முட்டையை விட்டு எழுந்துவிடுகிறது. கொண்டையும் வெளுத்திருக்கிறது. என்ன செய்வது?’’
- வாசகர், திண்டிவனம், விழுப்புரம் மாவட்டம்.

ரத்தம் உறிஞ்சும் சிற்றுண்ணிகள் காரணமாக இருக்கலாம். பகலில் கூண்டு இடுக்கில் ஒளிந்து, இரவில் கடிக்கும். இருட்டிய பிறகு டார்ச் அடித்து இடுக்குகளைப் பாருங்கள். ஆசனவாயைச் சுற்றி இறகடியில் வெள்ளை முட்டைகள் ஒட்டியிருந்தால், அது பேன்.

அடைக்கூடை வைக்கோலை எரித்துவிட்டு, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, காய்ந்ததும் சுண்ணாம்பு அடியுங்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழி மேல் தெளிக்கவே கூடாது. கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை, சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்றும் கேளுங்கள். பெரும்பாலான மருந்துகள் பூச்சியின் முட்டையை அழிக்காது. 10 முதல் 14 நாளில் மறுமுறை மருந்திட்ட பிறகே அடுத்த அடை வையுங்கள். திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.