குளிசை உறையும் தமிழும்

புடைவை வணிகம் செய்யும் நண்பரொருவர் அண்மையில் என்னிடம் கூறியதாவது: "பண்டிதர், எங்கள் கடையில் விலைத்துண்டை வாசிக்க இயலாதவர் சரக்கை வாங்கார். மருந்துக் கடையிலோ வாசிக்க இயலாததையும் வாங்கியே ஆகவேண்டும். என் தாயார் ஒருவேளை உண்ணவேண்டிய நீரிழிவுக் குளிசையை இருவேளை உண்டு மயங்கி வீழ்ந்தார். உறையில் இருந்தது ஆங்கிலக் கிறுக்கல். பின்னர் வந்த செலவு மருந்தின் விலையினும் பன்மடங்கு."

வணிகர் பேச்சென்று இதனை ஒதுக்குதல் தகாது. மருந்தின் விலையைக் குறைக்கப் பேராசிரியர் சேனக பிபிலே அரும்பாடுபட்டார். அவர் முயற்சியால் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. எனினும், விலை குறைந்தும் விளக்கம் இல்லையெனின் நோயாளி பெறும் பயன் யாது?

தமிழில் மருத்துவம் கூற இயலாதென்பார்க்கு மானிப்பாயே மறுமொழி. அங்கே வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1867 இல் 'இரண வைத்தியம்', 1875 இல் 'கெமிஸ்தம்' என அவர்தம் நூல்கள் வெளிவந்தன. வேண்டிய இடத்துப் பிறமொழிச் சொல்லையும் தமிழுருவாக்கிக்கொள்ள அவர் தயங்கினாரல்லர்.

குறை நம்மிடத்தும் உண்டு. கலைச்சொல்லாக்கம் என்றதும் பண்டிதராகிய நாம் அகராதியிற் கிடக்கும் அருஞ்சொல்லையே நாடுகின்றோம். அம்மூதாட்டிக்கு வேண்டியிருந்தது, "காலை உணவுக்கு முன் ஒரு குளிசை மட்டும்" என்னும் ஒரு தொடரே. அதனைப் பெரிய எழுத்தில், சிங்களத்திலும் தமிழிலும், உறைமேல் அச்சிட ஆகும் செலவு மிகச் சிறிது. அதனைக் கேட்டுப் பெறுதலும் தமிழ்த்தொண்டே என்பதை ஆசிரியரும் மாணாக்கரும் உணர்வாராக.