காத்து இறக்குறது இலவசம், திரும்ப ஏத்தாம விடுறதுதான் செலவு



ராணிப்பேட்டை சிப்காட்லயோ ஆம்பூர் ஷூ கம்பெனியிலயோ வேலை பார்த்து, கடன்ல ஒரு எஸ்யூவி எடுத்துட்டீங்கன்னு வைங்க. அடுத்த ஆசை என்ன? ஆஃப்-ரோடு. அதுக்குன்னு பெரிய மட் டயர், சஸ்பென்ஷன் உயர்த்துறதுன்னு 1 லட்ச ரூபாய்க்கு பர்சனல் லோன். 14% வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் 3,418 ரூபாய். வட்டி மட்டுமே 23,000 தாண்டும்.

என் கருத்து இதுதான்: அந்த லோனை எடுக்கறதுக்கு முன்னாடி, இருக்கிற டயர்ல காத்தைக் குறைக்கக் கத்துக்கோங்க.

காரணம் எளிமையானது. காத்து குறைஞ்சா டயர் நீளவாக்குல படிஞ்சு, தரையைத் தொடுற பரப்பு கூடும். அதே எடை அதிக இடத்துல பரவும்போது சக்கரம் மணல்ல புதையாது. 1920-கள்லயே ரால்ஃப் பேக்னால்ட்ங்கிற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி சாதாரண ஃபோர்டு கார்களை எகிப்து, லிபியப் பாலைவனத்துல ஓட்டினார். டயர் காத்தைக் குறைக்கிறதும் அவர் கையாண்ட வழிகள்ல ஒண்ணு.

சாதாரணமா 30-35 பிஎஸ்ஐ இருக்கிற டயரை மணலுக்கு 18-20 வரைக்கும் இறக்கலாம். 15-க்குக் கீழே போனா, திருப்பத்துல டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடலாம். கல்லும் முள்ளுமான பாதையில ரொம்ப இறக்காதீங்க, டயரோட பக்கவாட்டுச் சுவர் கிழியும். வேகமும் 30 கி.மீ.க்குள்ள இருக்கட்டும்.

இனிமேதான் காசு விஷயம். ஜவ்வாதுமலை பக்கம் சுத்திட்டு, அதே 18 பிஎஸ்ஐயோட சென்னை-பெங்களூரு ஹைவேல 100-ல வந்தா என்ன ஆகும்? டயர் மடங்கி மடங்கிச் சூடாகி வெடிக்கலாம். அங்க போறது உங்க பணம் மட்டுமில்ல, உயிரும்தான். வெடிக்கலைன்னாலும் ஓரம் சீக்கிரம் தேயும். நாலு டயர் 50,000 ரூபாய், 50,000 கி.மீ. ஓடும்னு வைங்க. கி.மீ.க்கு 1 ரூபாய். அதுவே 35,000-லயே தேஞ்சா கி.மீ.க்கு 1.43 ரூபாய். பெட்ரோல் டீசலும் கூடுதலா குடிக்கும்.

"இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு நினைக்காதீங்க. சாதாரண கார் பாலிசியில, விபத்துல வண்டியும் சேர்ந்து அடிபட்டாத்தான் டயருக்குப் பணம். அதுவும் புது டயர் விலையில பாதி வரைக்கும்தான். தேய்மானத்துக்கு ஒண்ணும் கிடையாது. ரேஸ் மாதிரி போட்டிகளுக்கும் பாலிசி செல்லாது.

அதனால வாங்க வேண்டியது ரெண்டே ரெண்டு: ஒரு பிரஷர் கேஜ், 12 வோல்ட்ல ஓடுற ஒரு ஏர் கம்ப்ரஸர். ரெண்டும் சேர்ந்தே சில ஆயிரம்தான், ஒரு மாச இஎம்ஐ அளவு. டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல உங்க வண்டிக்கான அளவு இருக்கும். தார் ரோட்டுல ஏறுறதுக்கு முன்னாடி அந்த அளவுக்கு ஏத்திட்டுக் கிளம்புங்க. "போற வழியில பங்க்ல பார்த்துக்கலாம்"ங்கிற பேச்சே வேண்டாம்.

இன்னொண்ணு. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம வண்டி விட்டா வனத்துறை வழக்கு, அபராதம்னு போயிடும். அந்தச் செலவும் உங்க சம்பளத்துலதான் விழும்.

இதெல்லாம் ஒரு வருஷம் செஞ்சு பாருங்க. அதுக்கப்புறமும் மட் டயர் வேணும்னு தோணுச்சுன்னா, மாசம் 3,418-ஐ ஆர்.டி.ல போட்டு, சேர்ந்த காசுல வாங்குங்க. நீங்க என்ன பிஎஸ்ஐ வைக்கிறீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க நண்பர்களே!