கோல்ஃப் மைதானங்களுக்குத் தனி அனுமதி முறை வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

தமிழ்நாட்டில் புதிதாக எங்கே கோல்ஃப் மைதானம் அமைந்தாலும், அது மாற்றியமைக்கும் நிலத்தையும் குடிக்கும் நீரையும் அளந்த பிறகே அனுமதி தரப்பட வேண்டும். இன்று அளக்கப்படுவது பெரும்பாலும் அதற்குள் எழும் கட்டடத்தின் பரப்புதான். இதை மாற்ற, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கோல்ஃப் மைதானத்தைத் தனி இனமாகச் சேர்க்க வேண்டும். சுற்றியுள்ள ஊர்களின் கருத்தைக் கேட்காமல் எந்த மைதானத்துக்கும் ஒப்புதல் தரக் கூடாது. இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

விளையாட்டின் மீது எங்களுக்குப் பகை இல்லை. கொடைக்கானலில் 1895 முதல் கோல்ஃப் ஆடுகிறார்கள். காட்டுமாடுகள் அந்தப் புல்லில் வந்து மேய்ந்துவிட்டுப் போகின்றன. 1993 ஏப்ரல் 29 அன்று மலேசிய, ஜப்பானிய, தாய்லாந்துக் குழுக்கள் சேர்ந்து உலக அளவில் கோல்ஃப் எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கின. புது மைதானங்களே கூடாது என்ற அவர்களுடைய கோரிக்கையை நாங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு மட்டும் நம் சட்டத்தில் இன்னும் விடை இல்லை என்கிறோம்.

சட்டம் எதை அளக்கிறது

2006 அறிவிக்கையின் அட்டவணையில் சுரங்கம், அனல் மின் நிலையம், துறைமுகம் எல்லாம் பெயரோடு இருக்கின்றன. கோல்ஃப் மைதானம் என்ற பெயர் இல்லை. கட்டுமானத் திட்டம் என்றால், கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் முன் அனுமதி. நகரியம், பகுதி மேம்பாடு என்றால் 50 ஹெக்டேர் நிலம் அல்லது 1,50,000 சதுர மீட்டர் கட்டடம்.

9 குழி மைதானம் ஒன்று 25, 30 ஹெக்டேரில் அடங்கிவிடும். அதில் கூரை போட்ட இடம் என்பது கிளப் கட்டடமும் ஒரு கிடங்கும்தான். எனவே இந்த இரண்டு வலைகளிலும் அது சிக்காது. 18 குழி மைதானத்துக்குப் பொதுவாக 50 முதல் 60 ஹெக்டேர் வேண்டும். அதையும் 49 ஹெக்டேராக வரைந்து காட்டுவது வரைபடக்காரருக்குப் பெரிய வேலையல்ல. அப்படியே வலையில் விழுந்தாலும், கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு உண்டு. பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றினால் அந்த விவசாயி பேசுவதற்கு ஒரு மேடைகூட இல்லை.

தண்ணீர்க் கணக்கு

ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 10,000 லிட்டர். 18 குழி மைதானத்தில் 30 ஹெக்டேர் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்றும், கோடையில் நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். நாள் ஒன்றுக்கு 12 லட்சம் லிட்டர் ஆகிறது. 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் இது 100 நடை. ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது; அந்தக் கணக்கில் ஏறத்தாழ 21,800 பேருக்கான குடிநீர் இது. இதை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுக்கிறார்களா, சுத்திகரித்த கழிவுநீரிலிருந்து எடுக்கிறார்களா என்பதில்தான் திட்டத்தின் நன்மை தீமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

மணலும் மருந்தும்

பந்தைக் குழியில் தள்ளும் இடமான ‘கிரீன்’, மேலே பார்க்கப் புல்தான். முறைப்படி அமைத்தால் அதன் அடியில் சுமார் 30 சென்டிமீட்டர் மணல் படுகையும், அதற்கும் கீழே சரளைக்கல்லும் இருக்கும். ஒரு கிரீன் 500 சதுர மீட்டர் என்றால் 18 கிரீன்களுக்கு 2,700 கன மீட்டர் மணல் வேண்டும். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 950 யூனிட். பங்கர் எனப்படும் மணற்பள்ளங்களுக்கு ஆகும் மணல் இதில் சேராது. ஆற்று மணலுக்காக ஊர்கள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் புல்லைச் சில மில்லிமீட்டர் உயரத்தில் நாள்தோறும் வெட்டுகிறார்கள். அவ்வளவு ஒட்ட வெட்டிய புல்லைப் பூஞ்சையும் புழுவும் எளிதில் பிடிக்கும். எனவே பூச்சிமருந்தும் பூஞ்சைக்கொல்லியும் உரமும் தேவைப்படுகின்றன. மணல் படுகை வழியாக அவை வேகமாகக் கீழே இறங்கும். டயசினான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்த புல்லைத் தின்று பறவைகள் கூட்டமாக மாண்டதால்தான் அமெரிக்கா 1988இல் கோல்ஃப் மைதானங்களில் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. வலசைப் பறவைகள் வந்திறங்கும் ஏரிகள் உள்ள மாநிலத்தில் இதைப் பிறர் கதையாக நினைத்துக் கடந்துவிட முடியாது.

‘தரிசு’ என்ற சொல்

மைதானத்துக்கு நிலம் தேடுபவர்கள் முதலில் கேட்பது தரிசு நிலம். வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்று எழுதியிருப்பதால் மட்டும் ஒரு நிலம் வெறும் நிலமாகிவிடாது. நீலகிரியில் சோலைக்காட்டை அணைத்துக்கிடந்த புல்வெளிகளைப் பயனற்றவை என்று கருதித்தான் சீகையும் யூகலிப்டஸும் நட்டார்கள். மழையைப் பிடித்து ஓடையாக விட்டுக்கொண்டிருந்தது அந்தப் புல்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

காங்கேயம், மூலனூர் பக்கம் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். தண்ணீர் பாய்ச்சுவதில்லை, மருந்து அடிப்பதில்லை. மழை பெய்தால் தளிர்க்கிறது, காய்ந்தால் அடங்கிக்கிடக்கிறது. காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் அதில்தான் வளர்கின்றன. இப்படிப்பட்ட புல்லை உழுது எடுத்துவிட்டு, நாள்தோறும் தண்ணீர் கேட்கும் புல்லை அங்கே விரிப்பதைப் பசுமை வளர்ச்சி என்று அழைக்க நாங்கள் உடன்பட மாட்டோம்.

மெனியில் கற்ற பாடம்

இடத்தைத் தவறாகத் தேர்ந்துவிட்டால் பிறகு எத்தனை நிபந்தனை போட்டாலும் பயனில்லை என்பதற்கு ஸ்காட்லாந்தின் மெனி சான்று. அபர்டீன்ஷயர் கடற்கரையில், காற்றில் இடம்பெயரும் மணல்மேடுகளின் ஒரு பகுதியில் டொனால்ட் டிரம்ப்பின் நிறுவனம் கோல்ஃப் மைதானம் கேட்டது. சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடமாக அரசே பாதுகாத்துவந்த நிலம் அது. 2007இல் உள்ளாட்சிக் குழு தலைவரின் முடிவு வாக்கால் விண்ணப்பத்தைத் தள்ளியது. ஸ்காட்லாந்து அரசின் அமைச்சர்கள் அதைத் தங்கள் கைக்கு எடுத்து, விசாரணை நடத்தி, பொருளாதார நன்மையைக் காரணம் காட்டி 2008இல் ஒப்புதல் தந்தார்கள். 2012இல் மைதானம் திறக்கப்பட்டது. நகர்ந்துகொண்டே இருந்த மணலைப் புல் நட்டு நிறுத்தினார்கள். பாதுகாக்க வேண்டிய சிறப்பு அங்கே எஞ்சவில்லை என்று கூறி, 2020 டிசம்பரில் அரசின் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமே அந்தத் தகுதியை நீக்கிவிட்டது.

நம் கடற்கரையிலும் மணல்மேடுகள் உண்டு. பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணல்வெளியும் உண்டு. 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இரண்டையும் மிகக் கடுமையான பாதுகாப்பு வகையில் வைத்திருக்கிறது. அந்த வரியைத் தளர்த்தக் கேட்கும் எந்தத் திட்டத்தையும் எதிர்ப்போம்.

நாங்கள் கோருவது

1. தனி இனம். மாற்றியமைக்கப்படும் நிலம் 10 ஹெக்டேரைத் தாண்டும் எந்தக் கோல்ஃப் மைதானத்துக்கும் முன் அனுமதியும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் கட்டாயமாக வேண்டும். மைதானத்தோடு வீட்டுமனை, வில்லா, விடுதி வருமானால் அனைத்தும் ஒரே திட்டமாக மதிப்பிடப்பட வேண்டும்.

2. தொடக் கூடாத இடங்கள். காடு, சோலைப் புல்வெளி, சதுப்பு நிலம், ஏரியின் நீர்ப்பிடிப்பு, மணல்மேடு, மேய்க்கால் புறம்போக்கு, பாசன ஆயக்கட்டு ஆகியவற்றில் விண்ணப்பத்தையே ஏற்கக் கூடாது. நீர்நிலை உள்ள நிலத்தையும் பெரிய திட்டங்களுக்கு ஒருங்கிணைத்துத் தர வழிசெய்யும் 2023ஆம் ஆண்டின் நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைக் கோல்ஃப் திட்டங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது.

3. நீர். புல்லுக்கு நிலத்தடி நீரோ ஆற்று நீரோ கூடாது. சுத்திகரித்த கழிவுநீர் எந்த நிலையத்திலிருந்து, எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு வரும் என்ற ஒப்பந்தம் விண்ணப்பத்தோடு இருக்க வேண்டும். மீட்டர் அளவு மாதந்தோறும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும்.

4. ஓடையும் மண்ணும். புலப்படத்தில் உள்ள ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை எதுவும் திசை மாறக் கூடாது. ஆற்று மணல் பயன்படுத்தக் கூடாது.

5. மருந்துக் கட்டுப்பாடு. வேலை தொடங்கும் முன்பே சுற்றியுள்ள கிணறுகளின் நீரைச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை சோதிக்க வேண்டும். தெளிக்கும் மருந்துகளின் பட்டியல் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

6. மீட்புத் தொகை. மைதானம் கைவிடப்பட்டால் நிலத்தைச் சீர்செய்யத் தேவையான தொகை முன்னதாகவே வைப்பாகக் கட்டப்பட வேண்டும்.

ஒன்றிய அரசு அறிவிக்கையைத் திருத்தும்வரை மாநிலம் காத்திருக்க வேண்டியதில்லை. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழும், மலைப்பகுதிகளில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வழியாகவும் இவற்றில் பெரும்பகுதியை நிபந்தனைகளாக இன்றே விதிக்கலாம். இப்போதுள்ள மைதானங்கள் ஆண்டுதோறும் நீர்க் கணக்கு வெளியிடுவதிலிருந்து தொடங்கலாம்.

வேலைவாய்ப்பு பற்றி

மைதானம் வந்தால் வேலை வரும் என்பார்கள். புல் வெட்டவும் பை தூக்கவும் சமையலுக்கும் ஆட்கள் வேண்டும் என்பது உண்மை. அந்த வேலைகளை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. மேய்ச்சலும் கிணற்றுப் பாசனமும் எத்தனை வீடுகளுக்குச் சோறு போடுகின்றன என்ற கணக்கும் அதே விண்ணப்பத்தில், அதே பக்கத்தில் இருக்க வேண்டும் என்றே கேட்கிறோம்.

கைவிடப்பட்ட கல்குவாரியிலோ பாழ்பட்ட நிலத்திலோ, நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சி, ஓடையைத் தொடாமல் ஒரு மைதானம் வருமானால், கருத்துக் கேட்பில் எழுந்து அதை ஆதரித்துப் பேச நாங்கள் தயார். மற்றபடி, விண்ணப்பம் எந்த ஊரில் வந்தாலும் புலப்படத்தோடும் கிணற்று நீர்மட்டக் கணக்கோடும் அந்த ஊர்க் கிராம சபையில் மக்களோடு உட்கார்ந்திருப்போம்.