அறுவைக்குக் காப்பீடு, ஓய்வுக்குக் கடன்

மனித உடலின் முழு எடையையும் தாங்கி நிற்கும் மூட்டு கணுக்கால். உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த மூட்டின் மீதுதான் ஒவ்வொரு அடியிலும் உடலின் பாரம் இறங்குகிறது. சுமைதூக்கும் தொழிலாளியின் முதுகில் ஏற்றப்படும் மூட்டையின் எடையும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறது. தேய்ந்து அழிந்துபோன இந்த மூட்டை அகற்றிவிட்டுச் செயற்கை மூட்டைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை இன்று இந்தியாவின் பெருநகர மருத்துவமனைகளில் செய்யப்படுகிறது. மருத்துவ அறிவியலின் இந்த முன்னேற்றம் வரவேற்கத்தக்கது. ஆனால், அறுவை முடிந்து வீடு திரும்பும் நோயாளி மீண்டும் தன் காலில் நிற்கும் வரையிலான மாதங்களை எப்படிக் கடப்பது என்ற கேள்விக்கு இந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் விடை இல்லை. உழைத்தால் மட்டுமே உண்ண முடியும் என்ற நிலையிலுள்ள கோடிக்கணக்கானோருக்கு அறுவைச் சிகிச்சையைவிடக் கடினமானது அதன் பிறகான ஓய்வுதான்.

மருத்துவர் எழுதித் தரும் ஓய்வு

கணுக்கால் மூட்டு மாற்று அறுவையில், கீழ்க்கால் எலும்பின் அடிமுனையும் அதன் கீழுள்ள கணுக்கால் எலும்பின் மேற்பரப்பும் செதுக்கப்பட்டு உலோகப் பகுதிகள் பொருத்தப்படுகின்றன. இரண்டுக்கும் இடையே பாலிஎத்திலீன் எனும் நெகிழித் தகடு வைக்கப்படுகிறது. அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சில நாட்களில் நோயாளி வீட்டிற்கும் அனுப்பப்படுவார். உண்மையான சிகிச்சை அதன் பிறகே தொடங்குகிறது.

முதல் இரண்டு வாரங்கள் பெரும்பாலான நேரம் காலை நெஞ்சு மட்டத்திற்கு மேல் உயர்த்தி வைத்திருக்க வேண்டும். கணுக்காலின் முன்புறம் தோல் மெலிந்தது. அடியில் சதைப்பற்று குறைவு. எனவே காயம் ஆறுவதே முதல் சோதனை. நீரிழிவு உள்ளோருக்கும் புகைபிடிப்போருக்கும் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். இரத்தம் உறையாமல் காக்கவும் கவனம் வேண்டும். தையல் பிரித்த பிறகும், பல நோயாளிகள் ஆறு வாரங்கள் வரை அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது; ஊன்றுகோலோ நடைச்சட்டமோதான் துணை. பின்னர் பாதுகாப்புக் காலணியுடன் சிறிது சிறிதாக எடையைத் தாங்கப் பழக வேண்டும். மூட்டு இறுகாமலிருக்கவும், பயன்படாமல் சூம்பிய கெண்டைச் சதை வலுப்பெறவும் மாதக்கணக்கில் இயன்முறைச் சிகிச்சை தேவை. நின்றபடி வேலை செய்வோர் பணிக்குத் திரும்ப மூன்று, நான்கு மாதங்கள் ஆகலாம். வீக்கம் முழுமையாக வடிய ஓராண்டுகூட ஆவதுண்டு.

இவையெல்லாம் மருத்துவர் எழுதித் தரும் ஓய்வின் விவரங்கள். மேசைப் பணியாளர் மருத்துவ விடுப்பில் இவற்றைப் பின்பற்ற முடியும். தினக்கூலிக்கு வேலை செய்பவருக்கு இந்த மருத்துவச் சீட்டு, நான்கு மாதம் வருமானமின்றி இரு என்ற உத்தரவாகவே வந்து சேர்கிறது. ஆகவே அவர் காயம் ஆறுமுன்பே எழுந்து நடக்கிறார். காயம் பிரிகிறது, கிருமித் தொற்று ஏற்படுகிறது, பொருத்திய மூட்டு தளர்கிறது. ஓய்வுக்கு ஊதியம் தராமல் மிச்சப்படுத்தியதாக நினைக்கும் பணம் இரண்டாவது அறுவைக்குச் செலவாகிறது.

உடைந்தது யாருடைய கணுக்கால்?

முழங்கால், இடுப்பு மூட்டுகள் பெரும்பாலும் வயதின் காரணமாகத் தேய்கின்றன. கணுக்காலின் கதை வேறு. கணுக்கால் மூட்டழற்சிக்கு மிக முக்கியக் காரணம் முன்பு ஏற்பட்ட காயமே என்பது மருத்துவ உலகில் நிறுவப்பட்ட உண்மை. எலும்பு முறிவும் திரும்பத் திரும்ப நேரும் சுளுக்கும் குருத்தெலும்பைச் சிதைக்கின்றன. பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் மூட்டு அழிகிறது.

அப்படியானால் இந்தியாவில் யாருடைய கணுக்கால் உடைகிறது? கட்டுமானத் தளங்களில் சாரத்திலிருந்து விழுவோர், சரக்கு ஏற்றி இறக்கும்போது இடறுவோர், குறித்த நேரத்திற்குள் உணவைக் கொண்டு சேர்க்க இருசக்கர வாகனத்தில் விரைவோர், சாலையோரம் நடந்தே வேலைக்குச் செல்வோர். 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1.68 லட்சம் பேர் உயிரிழந்தனர், 4.43 லட்சம் பேர் காயமுற்றனர் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. இறந்தவர் கணக்கில் வருகிறார். கால் முறிந்து, அரைகுறையாகக் கூடி, நொண்டியபடியே வேலைக்குத் திரும்பியவரின் பிற்கால வேதனை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

வேலையின்போது நேரும் காயத்திற்கு இழப்பீடு உண்டு என்று சட்டம் சொல்கிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், தற்காலிக ஊனக் காலத்திற்கு அரை மாதத்திற்கு ஒருமுறை மாத ஊதியத்தில் 25 சதவீதம், அதாவது பாதி ஊதியம் வழங்க வகை செய்தது. ஆனால் முப்பது வயதில் சாரத்திலிருந்து விழுந்தவரின் மூட்டு ஐம்பது வயதில் அழியும்போது, அன்றைய ஒப்பந்தக்காரர் எங்கே? வேலைக்கு வைத்ததற்கான ஆவணம் எங்கே? லாபம் அன்றே கணக்கிடப்பட்டுப் பங்கிடப்பட்டுவிட்டது. நட்டம் மட்டும் தொழிலாளியின் காலில் தங்கி, இருபது ஆண்டுகள் கழித்து வெளிப்படுகிறது.

இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. கடும் உடலுழைப்பு செய்வோருக்குச் செயற்கை கணுக்கால் மூட்டு விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், எலும்புகளை ஒன்றாக இணைத்து மூட்டை அசையாமல் நிறுத்திவிடும் அறுவையையே மருத்துவர்கள் பொதுவாகப் பரிந்துரைக்கிறார்கள். மருத்துவ நோக்கில் இது தவறல்ல; வலி நீங்கும். ஆனால் இணைக்கப்பட்ட கணுக்காலுடன் குந்தி அமர்வதும், வயலில் நாற்று நடுவதும், ஏணி ஏறுவதும் கடினம். உழைப்பால் மூட்டை இழந்தவருக்கு, தொடர்ந்து உழைத்தாக வேண்டும் என்ற காரணத்தாலேயே அசையும் மூட்டு மறுக்கப்படுகிறது. இலகுவான மாற்று வேலை அவருக்கு உறுதி செய்யப்பட்டிருந்தால் மருத்துவரின் தேர்வும் வேறாக இருந்திருக்கலாம்.

காப்பீடு எங்கே முடிகிறது?

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் மக்கள் ஆரோக்கியத் திட்டம், குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்பதாக ஒன்றிய பாஜக அரசு பெருமை பேசுகிறது. அந்தத் திட்டம் மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாட்களையும், வீடு திரும்பிய பின் 15 நாட்களையும் மட்டுமே கணக்கில் கொள்கிறது. மூட்டு அறுவையில் 15ஆம் நாள் என்பது தையல் பிரிக்கும் நாள். காலை ஊன்றுவதற்கே இன்னும் வாரங்கள் இருக்கின்றன. இயன்முறைச் சிகிச்சை தொடங்கும் வேளையில் காப்பீடு விடைபெற்றுக்கொள்கிறது.

காப்பீட்டை மையமாகக் கொண்ட சுகாதாரக் கொள்கையின் அடிப்படைக் கோளாறு இது. மருத்துவமனைக்கு, குறிப்பாகத் தனியார் மருத்துவமனைக்குப் பணம் செலுத்துவதே அதன் வேலை. நோயாளி நலமடைந்தாரா என்பது அதன் கவலையல்ல. 2021-22ஆம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்து செலுத்தினர். அதே ஆண்டில் அரசுகளின் சுகாதாரச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025ஆம் ஆண்டுக்குள் இதை 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை அறிவித்திருந்தது.

அரசு தலையிட்டால் விலை குறையும் என்பதற்கும் சான்று உண்டு. 2017 ஆகஸ்டில் முழங்கால் செயற்கை மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதிக்கப்பட்டபோது, சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற கோபால்ட் குரோமிய மூட்டின் விலை 54,720 ரூபாயாக இறங்கியது. இடைப்பட்ட ஒரு லட்சம் ரூபாய் அதுவரை யாருடைய பைக்குச் சென்றது என்று விளக்க வேண்டியதில்லை. அந்த உச்சவரம்பு முழங்கால் மூட்டுடன் நின்றுபோனது; கணுக்கால் மூட்டுக்கு அது விரிவுபடுத்தப்படவில்லை.

ஊதியத்துடன் ஓய்வு: சிலருக்கு மட்டும்

நோயுற்ற தொழிலாளிக்கு ஊதியத்துடன் ஓய்வு என்பது புதிய கோரிக்கையல்ல. சோசலிஸ்டுகளின் வளர்ச்சி கண்டு அஞ்சிய பிஸ்மார்க்கின் ஜெர்மனி 1883லேயே நோய்க்காலக் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் பேராசிரியர் பி.பி. அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. இன்று இஎஸ்ஐ திட்டத்தில் உள்ள தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் ஊதியத்தின் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். வேலையின்போது காயமுற்றால், ஊனம் நீடிக்கும் வரை 90 சதவீதம் கிடைக்கும். குறைகள் பல இருந்தாலும், மருத்துவரின் சீட்டைத் தொழிலாளி பின்பற்ற வழி செய்வது இந்த ஏற்பாடுதான்.

ஆனால் இந்த வேலிக்குள் இருப்போர் எத்தனை பேர்? நாட்டின் உழைப்பாளிகளில் மிகப் பெரும்பான்மையோர் முறைசாராத் துறையில் இருக்கிறார்கள். இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்த முறைசாராத் தொழிலாளர்கள் மட்டுமே 30 கோடிக்கும் மேல். பதிவு அட்டை கிடைத்தது. நோய்க்கால ஊதியம் கிடைக்கவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், முறைசாராத் தொழிலாளர்களுக்குத் திட்டங்கள் வகுக்கப்படும் என்று பொதுவாகச் சொல்கிறதே தவிர, நோயுற்ற நாளுக்கு ஊதியம் என்பதைச் சட்ட உரிமையாக்கவில்லை. நோய்க்காலத்தில் குறைந்தது 26 வாரங்கள் வரை வருமானப் பாதுகாப்பை வரையறுக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 102ஆம் உடன்படிக்கை 1952இல் உருவானது. இந்தியா அதை இன்றுவரை ஏற்கவில்லை.

உழைப்புச் சக்தியின் மதிப்பு என்பது அதைப் பராமரித்து மறு உற்பத்தி செய்யத் தேவையானவற்றின் மதிப்பு என்று மார்க்ஸ் விளக்கினார். நோயிலிருந்து மீளும் காலமும் அந்தப் பராமரிப்பின் பகுதியே. வாயிலில் வேலையற்றோர் படை காத்திருக்கும்போது, மூலதனத்திற்கு அந்தச் செலவை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. கால் முறிந்தவரை அனுப்பிவிட்டுக் கால் நன்றாக உள்ள இன்னொருவரை அது எடுத்துக்கொள்கிறது. எனவே இந்தச் செலவை அதன் மீது சுமத்தச் சட்டமும் போராட்டமும் தேவைப்படுகின்றன.

வீட்டுக்குள் மறையும் உழைப்பு

அரசும் முதலாளியும் கைவிட்ட பொறுப்பைச் சுமப்பது குடும்பம். குடும்பத்திற்குள் அது பெண்ணின் தலையில் விழுகிறது. காலை ஊன்ற முடியாதவரைக் கழிவறைக்கு அழைத்துச் செல்வது, குளிப்பாட்டுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்வது ஆகிய அனைத்தும் ஊதியமற்ற உழைப்பு. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களை அதற்குச் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். அறுவை செய்துகொண்டவர் பெண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கூலி வேலையிலிருந்து அவருக்கு விடுப்பு கிடைத்தாலும் அடுப்படியிலிருந்து கிடைப்பதில்லை.

செய்ய முடிந்தவை

வீடு தேடிச் செல்லும் பராமரிப்பு சாத்தியமே என்பதை மாநிலங்கள் காட்டியுள்ளன. கேரளம் 2008இல் வலிநிவாரணப் பராமரிப்புக் கொள்கையை வகுத்து, உள்ளாட்சி அமைப்புகள் வழியாகப் படுக்கையிலுள்ளோரின் வீடுகளுக்குச் செவிலியரை அனுப்பியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. இத்தகைய சேவையை நாடு முழுவதும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக, ஒப்பந்த ஊழியர்களைக் கொண்டல்லாமல் நிரந்தரப் பணியிடங்களுடன் விரிவுபடுத்த வேண்டும். அறுவைக்குப் பிந்தைய 15 நாள் வரம்பு, மருத்துவர் நிர்ணயிக்கும் மீட்சிக் காலம் வரை நீட்டிக்கப்பட வேண்டும். விலைக் கட்டுப்பாடு அனைத்துச் செயற்கை மூட்டுகளுக்கும் பொருந்த வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, முறைசாராத் தொழிலாளர் அனைவருக்கும் குறைந்தபட்ச ஊதியத்தின் அடிப்படையில் நோய்க்கால ஊதியம் சட்டபூர்வ உரிமையாக வேண்டும்.

பணம் எங்கே என்ற கேள்வி வழக்கம்போல் எழும். 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாயை விட்டுக்கொடுப்பதாக ஒன்றிய அரசே கூறியது. கட்டுமானத் தொழிலாளர் பெயரில் வசூலிக்கப்பட்ட செஸ் நிதி அவர்களைச் சென்றடையாமல் தேங்கிக் கிடப்பதை 2018இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. பணம் இருக்கிறது, அது யாருக்கு என்பதே கேள்வி.

தொழிற்சங்கங்கள் பணியிடப் பாதுகாப்பையும் விபத்து இழப்பீட்டையும் நெடுங்காலமாக எழுப்பி வருகின்றன. விபத்துக்கும் வேலைக்குத் திரும்புவதற்கும் இடைப்பட்ட அந்த மாதங்களும் கோரிக்கைப் பட்டியலில் முன்னுரிமை பெற வேண்டிய காலம் இது. முதல் அறுவைக்குப் பின் கிடைக்கும் ஓய்வே இரண்டாவது அறுவையைத் தடுக்கும் மருந்து. அந்த மருந்தை வட்டிக்குக் கடன் வாங்கித்தான் பெற முடியும் என்ற நிலை இனியும் தொடரக் கூடாது.