கார் இங்கே, வரி அங்கே!

காட்டுப்பாக்கத்தில் மவுண்ட்-பூந்தமல்லி சாலையோரம் சற்று நின்று பாருங்கள், தோழர்களே! சில சொகுசுக் கார்களின் எண் ‘பி.ஒய்.’ என்று தொடங்கும். புதுச்சேரிப் பதிவு. அங்கே வாகன வரி குறைவு. சீமான்கள் சிலர் அங்கே ஒரு விலாசம் காட்டிப் பதிவு செய்துவிட்டு இங்கேயே வாழ்கிறார்கள். குடிபெயர்ந்தது காகிதம் மட்டும்!

பெட்ரோலும் அங்கே மலிவுதான். 2017-ல் வந்த ஜி.எஸ்.டி.யில் அது சேராததால் மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு. ஷிப்டுக்கு மொபெட்டில் ஓடும் நாம் ஒரு லிட்டருக்காக நூறு கிலோமீட்டருக்கு மேல் போக முடியுமா? பீகாரிலிருந்து அம்பத்தூருக்கு வரும் தொழிலாளி வரியைக் கணக்கிட்டா வருகிறான்? கூலியைத் தேடியல்லவா வருகிறான்!

வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்தாக வேண்டுமென்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. நம் மொபெட்டை மடக்கிக் காகிதம் கேட்கும் அதிகாரிகள், அந்தக் கார்களையும் மடக்கிக் கேட்கட்டும்!